வணிக முகப்பு: பதிவு வேறு, உரிமம் வேறு

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் பதிவு, உரிமம் பற்றியவை. இரண்டையும் ஒன்றென நினைத்துப் பணத்தைப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நம்மிடையே அதிகம். அதனால் சில கேள்விகளுக்கு வழக்கத்தைவிட விரிவாகவே பதில் சொல்கிறோம். வெளிநாட்டு நிலவரம் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே இதழில் பதில் உண்டு.

கேள்வி: வீட்டில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் விற்கிறேன். தீபாவளி நேரத்தில் நல்ல ஆர்டர் வரும். கடை இல்லாத நானும் எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டுமா? பதிந்துவிட்டால் வரி கட்டச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. — வாசகி, செந்தூல்

பதில்: பதிய வேண்டும், சகோதரி. லாபத்துக்காகத் தொடர்ந்து விற்றால் அது வணிகம்தான். கடை இருக்கிறதா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். பதியாமல் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

செலவு பெரிதில்லை. மைகார்ட்டில் (அடையாள அட்டையில்) உள்ள உங்கள் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். தனியாக ஒரு வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 ரிங்கிட். ஒரே தடவையில் 5 ஆண்டு வரை கட்டிவிடலாம். இணையத்தில் இஸிபிஸ் தளத்திலும் செய்யலாம், எஸ்.எஸ்.எம். முகப்பிடத்திலும் செய்யலாம். குறைந்த வருமானப் பிரிவான பி40 குடும்பத்தினருக்கும் முழுநேர மாணவர்களுக்கும் கட்டணமில்லாப் பதிவுத் திட்டத்தை எஸ்.எஸ்.எம். நடத்தி வந்திருக்கிறது, பணம் கட்டுமுன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

வரி பயத்துக்கு வருவோம். பதிவு செய்ததால் வரி வருவதில்லை, வருமானம் வந்தால்தான் வரி. மாவு, எண்ணெய், நெய், எரிவாயு, டப்பா, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தொழில் வருமானம். அதிலிருந்து தனிநபர் கழிவாக 9,000 ரிங்கிட் போகும். அதன்பின் வரும் முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரி விகிதம் பூஜ்யம். தொழில் வருமானம் உள்ளவர்கள் பி படிவத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மளிகைக்கடைச் சீட்டு சில மாதத்தில் வெளிறிப்போகும், அதனால் அன்றன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

இனி, வழக்கமாக எங்கே பிசகுகிறது என்று சொல்கிறோம். முதலாவது, கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ பதிவது. சட்டப்படி பதிந்தவர்தான் உரிமையாளர். பிற்பாடு நீங்கள் இந்தியச் சிறு வணிகர்களுக்கான ஸ்புமி கடனுக்கோ இந்தியப் பெண்களுக்கான அமானா இக்தியாரின் பென் கடன் திட்டத்துக்கோ மனுச் செய்யும்போது, ‘இது உங்கள் தொழில் இல்லையே’ என்பார்கள். அடுப்பில் நிற்பவர் பெயரில்தான் பதிவு இருக்க வேண்டும். இரண்டாவது, டப்பாவின் லேபிள். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைப்படி, பொட்டலமிட்ட உணவில் பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, செய்பவரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். நிலக்கடலை, எள் சேர்த்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர் பிரச்சினை. மூன்றாவது, அச்சகத்தில் ‘ஹலால்’ முத்திரையைச் சும்மா போட்டுத் தருவார்கள். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநிலச் சமய இலாகாவின் சான்று இல்லாமல் அதைப் போடவே கூடாது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம்.

உணவைக் கையாள்பவர் என்ற முறையில் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுநர் பயிற்சியும் உங்களுக்குத் தேவை. பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். ஊசியை 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். அடுக்குமாடியில் இருந்தால் நிர்வாகத்திடமும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான புகார் எண்ணெய் வாடையிலும் குழாய் அடைப்பிலும்தான் தொடங்குகிறது.

கேள்வி: தம்பியும் நானும் லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறோம். என்டர்பிரைஸ் (சொந்த அல்லது கூட்டுத் தொழிலாகப் பதிவது) போதுமா, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) ஆக்க வேண்டுமா? — வாசகர், பிறை

பதில்: கடன் பெரிதாக இல்லை, வாடிக்கையாளர் பெரும்பாலும் தனியார் லாரிக்காரர்கள் என்றால் இப்போதைக்கு என்டர்பிரைஸ் போதும். ஆனால் அதில் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். வீடு, நிலம் வரை வரும். நிறுவனமாக்க 1,000 ரிங்கிட். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஒரே ஆளே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். ஆனால் 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளரை அமர்த்த வேண்டும், ஆண்டறிக்கைக்கு 150 ரிங்கிட் கட்ட வேண்டும், கணக்கறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். செயலாளருக்கும் கணக்காளருக்கும் போகும் பணம்தான் உண்மையான ஆண்டுச் செலவு. வங்கி கடன் தரும்போது இயக்குநர்களின் சொந்த ஜாமீனைக் கேட்கும், ஆகவே ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ என்ற பாதுகாப்பு சிறு நிறுவனத்தில் பாதியாகிவிடும். நடுவழியாக பி.எல்.டி. என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை உண்டு. பதிவு 500, ஆண்டு அறிவிப்பு 200. அண்ணன் தம்பிக்கு அது நன்றாகவே பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை உணவகம் திறக்கக் கடை பார்த்துவிட்டோம். எஸ்.எஸ்.எம். பதிவு ஒரே நாளில் கிடைத்தது. மாநகர் மன்ற உரிமம்தான் இழுக்கிறது, வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ‘ரன்னர்’ பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது? — வாசகர், கோலாலம்பூர்

பதில்: எங்களுக்கு மிக அதிகமாக வரும் வேதனை இதுதான். எஸ்.எஸ்.எம். சான்று ‘இந்தப் பெயரில் இன்னார் தொழில் செய்கிறார்’ என்பதற்கான பதிவு மட்டும். ‘இந்தக் கட்டடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம்’ என்று சொல்லும் அதிகாரம் மாநகர் மன்றத்துடையது. முதலாவது கிடைத்த மகிழ்ச்சியில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் தவறின் தொடக்கம்.

கணக்கைப் பாருங்கள். வாடகை மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முன்பணம் இரண்டு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம்: 12,500 ரிங்கிட் முதலிலேயே போய்விடும். உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போனால் வாடகை மட்டும் 15,000. ஆள் கிடைக்காது என்ற பயத்தில் இரண்டு பேரை இப்போதே வேலைக்கு வைத்தால், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்று மாதத்துக்கு 10,200. அதற்கு மேல் முதலாளியின் 13 விழுக்காடு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு). உரிமக் கட்டணம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஏழை நாடானாலும் பணக்கார நாடானாலும், விதிமுறையின் உண்மையான விலை கட்டண ரசீதில் தெரியாது. காத்திருக்கும் மாதங்களில்தான் இருக்கிறது. கட்டணத்தைக் குறைத்தோம் என்று யாராவது பெருமை பேசினால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

உங்கள் கோப்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். உணவகக் கோப்பு பெரும்பாலும் ஐந்து இடங்களில்தான் சிக்கும்.

கட்டடம்: கடைக்குத் தகுதிச் சான்று இருக்க வேண்டும். பழைய கடைவீடு என்றால் சி.எஃப்., 2007 ஏப்ரலில் வந்த புதிய முறை என்றால் சி.சி.சி. சான்று இருந்தாலும், அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாதபடி பின்சந்து வரை இழுத்துக் கட்டிய சமையல்கட்டு இருந்தால் ஆட்சேபம் வரும். அதைக் கட்டியவர் உங்களுக்கு முன்னிருந்த வாடகைக்காரராக இருக்கலாம். இப்போது சுமை உங்கள் தலையில். வரைபடத்தின் பிரதியை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றி வாருங்கள்.

பயன்பாடு: முன்பு துணிக்கடையாகவோ அலுவலகமாகவோ இருந்த இடம் உணவகமாக மாறுவது சாதாரண விஷயமல்ல. புகைபோக்கி, கழிவுநீர், எண்ணெய்ப் பொறி (கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டி) எல்லாவற்றையும் தனித்தனியே பார்ப்பார்கள். எண்ணெய்ப் பொறி இல்லாமல் வாழையிலைக் கடைக்கு அனுமதி கேட்பது வீண் அலைச்சல்.

தீயணைப்பு: பொம்பாவின் (தீயணைப்புத் துறை) ஆதரவுக் கடிதம். தீயணைப்பான் வாங்கி மாட்டினால் போதாது. பின்வாசல் பூட்டாமல் இருக்க வேண்டும், எரிவாயுத் தோம்பு வைக்கும் இடம் சரியாக இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகை: இதற்குத் தனி உரிமம். மலாய் வாசகம்தான் முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். மலாய் மொழிக் கழகமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் மொழிச் சான்றை வாங்கிய பிறகே பலகைக்கு ஆர்டர் கொடுங்கள். தமிழ் எழுத்தைப் பெரிதாகப் போட்டுப் பலகையைச் செய்துவிட்டு, பிறகு கழற்றி இன்னொரு பலகை செய்தவர்கள் நிறைய பேர்.

ஆட்கள்: சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் தடுப்பூசிச் சான்றும் பயிற்சிச் சான்றும். ஒருவருக்கு இல்லாவிட்டாலும் கோப்பு நிற்கும்.

அடுத்து, ரன்னர். விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குக் கூலி வாங்குவது ஒரு சேவை. அதற்கு ரசீது தருவார், கொடுக்கலாம். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று கேட்கும் பணம் லஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளி. அது மட்டுமல்ல, கோப்பில் உண்மையான குறை இருந்தால் அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது அதே குறை, அதே ரன்னர், இன்னும் கூடுதல் தொகை. முகப்பிடத்துக்கு நீங்களே போய், எந்தப் பிரிவின் கருத்துக்காகக் கோப்பு காத்திருக்கிறது என்று கேளுங்கள். பதிலைத் தேதி, அதிகாரியின் பதவி, கோப்பு எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளே அதை மின்னஞ்சலாக அனுப்பி உறுதி கேளுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில்தான் பதில் வரும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, மன்றம் காரணம் எதுவும் கூறாமலேயே உரிமத்தை மறுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளவும் செய்யலாம். இது சிறு வணிகரின் தலைக்குமேல் நிரந்தரமாகத் தொங்கும் கத்தி என்பது எங்கள் உறுதியான கருத்து. நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க வழி உண்டு, ஆனால் முடிவு தெரிந்த 3 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தேதிகளை எழுதி வையுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் கையெழுத்துப் போடாத மற்ற வாசகர்களுக்கு: ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். ‘இத்தனை மாதத்துக்குள் உணவக உரிமம் கிடைக்காவிட்டால், வாடகையாளரின் தவறு இல்லாத பட்சத்தில், ஒப்பந்தம் ரத்தாகும், முன்பணம் திருப்பித் தரப்படும்.’ வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மறுத்தால், அந்தக் கடைக்கு உரிமம் கிடைப்பது பற்றி அவருக்கே சந்தேகம் இருக்கலாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: இலங்கையில் இருக்கும் என் பெரியம்மா குடும்பம் சின்னத் தையல் கடை நடத்துகிறது, பதிவு இல்லை. ஏழை நாடுகளில் பதிவை இலவசமாக்கினாலே எல்லோரும் முறைப்படி வந்துவிடுவார்கள், தொழில் வளரும் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். உண்மையா? — வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பாதி உண்மை. இதை ஊகமாகப் பேச வேண்டியதில்லை. கள ஆய்வுகள் இருக்கின்றன, அதிலும் ஒன்று இலங்கையிலேயே நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் 2013இல் வெளியிட்டது. பதியாத சிறு தொழில்காரர்களில் ஒரு பிரிவினருக்குப் பதிவு முறையை விளக்கி, கட்டணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். பலனில்லை. இன்னொரு பிரிவினருக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம் வரையான லாபத்துக்கு ஈடான தொகையைக் கொடுத்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பதிந்தார். இரண்டு மாத லாபம் கொடுத்தபோது பாதிப்பேர். மற்றவர்கள் ஏன் வரவில்லை? அதிகம் பேர் சொன்ன காரணம் நிலம். தொழில் நடக்கும் இடத்துக்கு உரிமைப் பத்திரமோ முறையான வாடகைச் சீட்டோ அவர்களிடம் இல்லை. உங்கள் பெரியம்மா வீட்டிலும் இதையே முதலில் கேட்டுப் பாருங்கள்: கடை யார் பெயரில் இருக்கிறது, அதற்குத் தாள் உண்டா? தாள் இல்லாதவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து என்ன பயன்?

பதிந்தவர்கள் வளர்ந்தார்களா? 15 முதல் 31 மாதம் கழித்துப் பார்த்தபோது சராசரி லாபம் கூடியிருந்தது. ஆனால் அந்த உயர்வு வேகமாக வளர்ந்த ஒரு சில கடைகளால் வந்தது. பெரும்பாலானோர் வாழ்க்கையில் பெரிய மாற்றமில்லை.

மெக்சிகோவில் 2002இல் தொடங்கிய விரைவுப் பதிவுத் திட்டத்தை மிரியம் புரூன் ஆராய்ந்தார். பதிந்த தொழில்களின் எண்ணிக்கை 5 விழுக்காடு கூடியது. வந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம்: அதுவரை சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் புதிதாகக் கடை திறந்தார்கள். ஏற்கெனவே பதியாமல் நடத்தியவர்கள் அப்படியே இருந்தார்கள். இதுவும் நல்ல பலன்தான், வேலை கூடியது, விலை கொஞ்சம் குறைந்தது. ஆனால் கருத்தரங்கில் சொன்ன பலன் அல்ல.

மலாவி நாட்டு அனுபவம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அங்கே வணிகப் பதிவும் வரிப் பதிவும் தனித்தனி. பதிவை இலவசமாக்கி, கூடவே ஆள் உதவியும் தந்தபோது, நான்கில் மூன்று பங்கினர் சான்று வாங்கினார்கள். வரிப் பதிவுக்கு அப்படி வரவில்லை. சான்று மட்டும் வாங்கியவர்களுக்கு வங்கிப் பழக்கத்திலோ சேமிப்பிலோ மாற்றம் எதுவும் இல்லை. சான்றோடு சேர்த்து வங்கியில் ஓர் அறிமுகக் கூட்டம் நடத்தி, தொழில் கணக்கும் திறந்து கொடுத்த பிரிவில்தான் சேமிப்பும் கணக்கு வைப்பும் மாறின. சான்றிதழ் ஒரு கதவைத் திறந்தால்தான் அதற்கு மதிப்பு.

பிரேசிலின் பெலோ ஹொரிசொன்டே நகரில் தகவலும் இலவசமும் பலிக்கவில்லை. சோதனை அதிகாரி (ஆய்வாளர்) நேரில் வந்து போன கடைகளே ஓரளவு பதிவுக்கு வந்தன. இதைக் கேட்டு ஏழை நாடுகளில் ஆய்வாளரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரும் ஓட வேண்டாம். ஆய்வாளர் நேர்மையாக இருக்கும் ஊரில் அது அமலாக்கம். இல்லாத ஊரில் அது மாமூல்.

பெரியம்மா குடும்பத்துக்கு எங்கள் யோசனை: பதிவால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். பள்ளிச் சீருடை போன்ற மொத்த ஆர்டர், வங்கிக் கடன், தையல் இயந்திரத் தவணை — இதில் ஏதாவது ஒன்றுக்குச் சான்று தேவைப்பட்டால் உடனே பதியுங்கள். இல்லாவிட்டால் வாடகைச் சீட்டை முதலில் முறைப்படுத்துங்கள். பதிவு அதன் பின்னால் வரட்டும்.

கேள்வி: தொழில் செய்ய எளிதான நாடுகளின் பட்டியலில் மலேசியா ஒரு காலத்தில் 6ஆம் இடம் என்று படித்தேன். இப்போது அந்தப் பட்டியலே வருவதில்லையே? — வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: உலக வங்கி 2003 முதல் வெளியிட்ட டூயிங் பிசினஸ் அறிக்கை அது. தொடக்கத்தில் 133 நாடுகள். 2014ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் மலேசியா 6ஆம் இடம், கடைசியாக வந்த 2020க்கான அறிக்கையில் 12ஆம் இடம். இந்தியா சில ஆண்டுகளிலேயே 142இலிருந்து 63க்கு வந்தது. சீனா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவில் முறைகேடு வெளிவந்தது. 2018க்கான அறிக்கையில் சீனா 85ஆம் இடத்துக்குப் போகாமல் 78இலேயே நிற்கும்படி மதிப்பெண் மாற்றப்பட்டிருந்தது. 2021 செப்டம்பர் 16 அன்று உலக வங்கி அறிக்கையையே நிறுத்திவிட்டது.

முறைகேடு ஒருபுறம் இருக்கட்டும், அளந்த விதத்திலேயே குறை இருந்தது. நாட்டின் ஓரிரு பெரிய வணிக நகரங்களை மட்டும் பார்த்தார்கள். மலேசியா என்றால் கோலாலம்பூர், இந்தியா என்றால் டெல்லியும் மும்பையும். பினாங்கில் கடை திறப்பவரின் பாடு அதில் எங்குமே வரவில்லை. கற்பனையான ஒரு நிறுவனத்தை வைத்து, சட்டம் தெரிந்தவர்களிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். மொத்தத் தரவரிசை எதை மறைக்கும் என்பதற்கு நம் நாடே உதாரணம்: 2020க்கான அறிக்கையில் மொத்தத்தில் 12ஆம் இடம் வந்த மலேசியா, ‘தொழில் தொடங்குதல்’ என்ற ஒரு பிரிவில் 126ஆம் இடம். கட்டட அனுமதியில் 2ஆம் இடம்!

மேரி ஹால்வர்ட்-ட்ரீமியரும் லான்ட் பிரிட்செட்டும் 2015இல் ஒரு காரியம் செய்தார்கள். அறிக்கை சொன்ன நாள் கணக்கையும், தொழில் செய்பவர்கள் தாங்கள் உண்மையில் காத்திருந்ததாகச் சொன்ன நாள் கணக்கையும் அருகருகே வைத்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதைவிட முக்கியம், ஒரே நாட்டில் சிலருக்குச் சில நாளில் கிடைத்த அனுமதி வேறு சிலருக்குப் பல மாதம் எடுத்தது. ஏழை நாடுகளில் சட்டப் புத்தகம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு ‘ஆள் பார்த்து முடிப்பது’ பெருகுகிறது. சராசரியைச் சரிசெய்தால் போதாது, இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

2024 அக்டோபரில் பி-ரெடி என்ற புதிய அறிக்கை 50 நாடுகளோடு தொடங்கியது. சட்டம் என்ன, அரசின் சேவை எப்படி, நடைமுறையில் என்ன நடக்கிறது என்று மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. மொத்தத் தரவரிசை கிடையாது. நல்ல மாற்றம்.

கேள்வி: இத்தனை தொல்லைக்குப் பதில் உரிமங்களை எல்லாம் தூக்கிவிட்டால் என்ன? — வாசகர், ரவாங்

பதில்: தூக்க வேண்டியவை நிறைய உண்டு, எல்லாவற்றையும் அல்ல. 1980களில் பெருவின் லிமா நகரில் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வு நிலையம், சின்னத் தையல் பட்டறை ஒன்றை முறைப்படி பதிந்து பார்த்தது. 289 நாள் ஆனது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், எந்தப் பொருளை எவ்வளவு தயாரிப்பது என்பதற்கே அரசின் அனுமதி தேவைப்பட்டது. 1991 ஜூலையில் 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு அது நீங்கியது. வியட்நாம் புதிய நிறுவனச் சட்டத்தை 2000இல் நடைமுறைப்படுத்தி, அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே 84 உரிமங்களை ஒரே முடிவில் ஒழித்தது. புதிய பதிவுகள் பெருகின. கென்யா 2005க்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது 1,300க்கும் மேற்பட்ட உரிமங்கள் இருந்தன. பல இலாகாக்களுக்குத் தங்களிடம் இருப்பவை எத்தனை என்றே தெரியவில்லை.

பயன் தந்த முறை ஒன்றை ‘கில்லட்டின்’ என்பார்கள். ஒவ்வோர் இலாகாவும் தன் உரிமங்களைக் குறித்த தேதிக்குள் பட்டியலிட வேண்டும். பட்டியலில் வராதது தானாகவே செல்லாது. வந்தவற்றுக்கு மூன்று கேள்வி: இதற்குச் சட்ட ஆதாரம் உண்டா, இது யாரை எந்த ஆபத்திலிருந்து காக்கிறது, அதைவிட எளிய வழி உண்டா? சாதாரணமாக, உரிமம் வேண்டாம் என்று நிரூபிக்கும் சுமை வணிகர் மேல் விழும். இந்த முறையில் வேண்டும் என்று நிரூபிக்கும் சுமை இலாகா மேல் விழுகிறது. பலன் அங்கிருந்துதான் வருகிறது. கில்லட்டின் தோற்பதற்கும் ஒரு காரணம் உண்டு: பட்டியல் சரிபார்க்கும் வேலையை, உரிமக் கட்டணத்தில் செலவை ஓட்டும் அதே இலாகாவிடம் கொடுப்பது.

எதை வைத்திருக்க வேண்டும்? உணவு, மருந்து, எரிவாயு, கட்டடம், வாடிக்கையாளரின் பணத்தை வைத்திருக்கும் தொழில். தவறு நடந்த பிறகு திருத்த முடியாதவற்றுக்கு முன்கூட்டியே சோதனை வேண்டும். புத்தகக் கடைக்கும் தையல் கடைக்கும் அறிவித்துவிட்டுத் தொடங்கும் முறையே போதும். இந்தோனேசியா 2020இல் இப்படி ஆபத்தின் அளவை வைத்து உரிமங்களைப் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்தது. கலந்தாலோசிக்காமல் அவசரமாக நிறைவேற்றியதால் அடுத்த ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் அதில் குறை கண்டது, பிறகு மறுபடி சட்டமாக்க வேண்டி வந்தது. நல்ல சீர்திருத்தத்தையும் அவசரம் கெடுத்துவிடும்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பகுதி வணிகர்கள் சிலர் சேர்ந்து உரிமப் புதுப்பிப்பு பற்றி மாநகர் கழகத்துக்கு மகஜர் கொடுக்கப் போகிறோம். முன்பு கொடுத்ததற்குப் பதிலே இல்லை. எப்படி எழுதுவது? — வாசகர், பினாங்கு

பதில்: முன்பு கொடுத்த மகஜரில் வாகன நிறுத்துமிடம், அந்நியத் தொழிலாளர், குப்பை, உரிமம் எல்லாம் ஒன்றாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். நான்கு இலாகாக்களுக்குப் போக வேண்டிய தாள் எந்த இலாகாவின் மேசையிலும் நிற்காது. இம்முறை உரிமப் புதுப்பிப்பு ஒன்றை மட்டும் எடுங்கள்.

எழுதுவதற்கு முன் எண்ணுங்கள். இருபது கடைகளின் கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே தாளில் கட்டம் போடுங்கள்: விண்ணப்பித்த தேதி, முதல் பதில் வந்த தேதி, எத்தனை முறை நேரில் போனார், ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கேட்ட ஆவணம் எது, உரிமம் கைக்கு வந்த தேதி, இடையில் கடை மூடியிருந்த நாள்கள். நினைவிலிருந்து சொல்வதை எழுத வேண்டாம்; ரசீதில், மின்னஞ்சலில், கடிதத்தில் உள்ள தேதி மட்டும். கட்டம் நிரம்பியதும் உங்களுக்கே தெரியும், தாமதம் எந்தப் படியில் குவிகிறது என்று. பெரும்பாலும் ஓரிரு படிகளில்தான். பாரம்பரியப் பகுதி என்பதால் பெயர்ப்பலகையும் முகப்பு மாற்றமும் உங்களுக்குத் தனியாக ஒரு படி. அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

பிறகு கோரிக்கைகள், மூன்றைத் தாண்டாமல். எங்கள் யோசனை: முதலாவது, ஆவணப் பட்டியல் ஒன்றே ஒன்று, தேதியிட்டு, விண்ணப்பம் ஏற்ற பிறகு அதில் இல்லாததைக் கேட்கக் கூடாது. இரண்டாவது, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மறுப்புக்கும் தாமதத்துக்கும் எழுத்தில் காரணம். இதைச் செய்ய மன்றத்தை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மூன்றாவது, தொடர்ந்து புகாரில்லாத கடைகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்காமல் மூன்றாண்டு உரிமம். உரிமக் காலம் 3 ஆண்டு வரை இருக்கலாம் என்று ஊராட்சி மன்றச் சட்டத்தின் அதே 107ஆம் பிரிவே சொல்கிறது. கட்டணக் குறைப்பை இதில் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்தால் பேச்சு முழுவதும் வருவாய் இழப்பைப் பற்றியே போகும்.

கடைப்பெயர்களை எண்களாக மாற்றி இணைப்பில் வையுங்கள், எல்லோரும் பழிவாங்கலுக்குப் பயப்படாமல் தேதி கொடுப்பார்கள். தனிப்பட்ட அதிகாரி எவர் பெயரும் வேண்டாம். பிரதிகளை உங்கள் வட்டார மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், 2007 முதல் வணிக விதிமுறைகளை எளிதாக்க இயங்கும் பெமுடா குழு, அதற்குத் துணைநிற்கும் மலேசிய உற்பத்தித்திறன் கழகம் ஆகியோருக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுக்கும் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அந்த முத்திரையிட்ட பக்கத்தை இணைத்து இரண்டாவது கடிதம். அதே கட்டத்தை அடுத்த ஆண்டும் நிரப்பி, இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு அனுப்புங்கள்.